அந்தக் குழாய் லொறிக்கு இல்லை

மகன்,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. நீ முன் அறையில் இருக்கிறாய், நான் குசினி மேசையில் இருக்கிறேன், நடுவில் பதினைந்து அடிகூட இல்லை. ஆனால் மூன்று கிழமையாக நீ என் முகத்தைப் பார்த்துக் கதைப்பதில்லை. சாப்பாடு போடவா என்றால் "வேண்டாம்", கடைக்குப் போகிறாயா என்றால் "ஓம்". மிச்சத்தை எல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதுகிறாய். முந்தாநாள் நீ அனுப்பியதை வாசித்து முடிப்பதற்குள் நான் அடுப்பில் வைத்த பருப்பு அடிப்பிடித்துவிட்டது. சரி, எழுத்தில்தான் கதைக்க வேண்டும் என்றால் எனக்கும் எழுதத் தெரியும். இதை மடித்து ஒட்டப் போவதில்லை. யார் எடுத்து வாசித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை, உன் கலியாணத்துக்கு வருகிற சனம் முழுக்க வாசித்தாலும் சரிதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீ வரிக்கு வரி தேடிக் களைக்க வேண்டாம். இதில் மன்னிப்பு இல்லை. நீ உன் 3டி பிரின்டரில் அடித்து வைத்திருந்த அந்தப் பிளாஸ்டிக் துவக்கை உடைத்தது நான். இன்னொன்று அடித்தால் அதையும் உடைப்பேன். துவக்குச் சட்டத்தைத் திருத்துவதற்கு மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்று பத்திரிகையில் பார்த்து, அந்தக் குழுவுக்கு எழுதிப் போட்டதும் நான். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், போகிறேன். பெயரில்லாமல் அனுப்பச் சொல்கிறாய், அதுவும் முடியாவிட்டால் கலியாணம் முடியும்வரை பொறுக்கச் சொல்கிறாய். இரண்டும் ஏலாது.

அன்று நடந்ததை நீ உன் கூட்டாளிகளுக்கு உன் பக்கத்திலிருந்து சொல்லியிருப்பாய். என் பக்கம் இப்படி. நீ கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்குப் போயிருந்தாய். பல்கனிக் கதவைத் திறந்து வைத்தால் வெள்ளவத்தையில் ஒரு நாளைக்குள் மேசையெல்லாம் உப்பும் புழுதியும். துடைக்கப் போனேன். அந்தப் பிரின்டரில் நீ என்னென்னவோ செய்வாய், எனக்கு அதில் பெருமைதான். அடுத்த வீட்டு மிக்ஸிக்கு உடைந்த குமிழ் செய்து கொடுத்தாய், பல் டொக்டருக்கு வாய் மொடல் செய்து கொடுத்தாய், உன் கலியாண மண்டபத்துக்கு உன் பெயரும் தர்ஷினியின் பெயரும் சேர்த்து ஒரு பலகைகூடச் செய்து வைத்திருக்கிறாய். அந்தப் பலகைக்குக் கீழே ஒரு துணி, துணிக்குள் அது. வெள்ளை நிறம், பாரமே இல்லை. ஆனால் என்னவென்று எனக்கு உடனே தெரிந்தது. துவக்கை நான் படத்தில் மட்டும் பார்த்தவள் இல்லை. கொட்டாஞ்சேனைச் சந்தியில் சோதனைச் சாவடியில் என் வயிற்றுக்கு நேரே ஒன்று நீண்டிருக்கிறது. வயிற்றில் அப்போது நீ இருந்தாய்.

நீ வரும்வரை நான் அதை ஒன்றும் செய்யவில்லை. அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்காமல் உடைத்தேன் என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்டேன்.

"இது என்ன மகன்?"

"மொடல் அம்மா. சும்மா பாப்பமெண்டு அடிச்சனான்."

"சுடுமோ?"

"இது உடம்பு மட்டும்தான். சுடாது. மிச்ச இரும்புச் சாமான் போட்டாத்தான்."

"அதுக்கு எங்கை போறது?"

நீ சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சிரித்தாய். "அது என்ன பெரிய வேலையே? எந்த லேத்காரனும் செஞ்சு தருவான்."

நான் அதைத் தூக்கினேன். குசினிக்குக் கொண்டுபோய், இஞ்சி உள்ளி குத்துகிற இரும்பு உலக்கையால் ஒரு போடு போட்டேன். இரண்டாகப் போயிற்று. நீ ஓடிவந்து, "உங்களுக்கு என்ன விசரா?" என்றாய். நான் இன்னொரு போடு போட்டேன். நாலாகப் போயிற்று. துண்டுகளைத் தனித்தனியாக நாலு குப்பைப் பையில் கட்டி, நாலு நாள் குப்பையோடு அனுப்பினேன். இவ்வளவுதான் நடந்தது.

விசர் என்றே வைத்துக்கொள். ஆனால் அந்த விசர் பிளாஸ்டிக்கைப் பார்த்து வந்ததில்லை. எந்த லேத்காரனும் செய்து தருவான் என்று சொன்னாயே, அதைக் கேட்டு வந்தது. ஒரு லேத்காரனின் பிள்ளை நீ. கொட்டாஞ்சேனையில் அப்பாவின் இரும்பு கடைகிற லேத் ஓடின சத்தத்தில்தான் நித்திரை கொண்டாய். அந்த லேத்தில் என்ன செய்தது என்று உனக்குத் தெரியாது, தெரிய நான் விடவில்லை. அப்பா கண்மூடி நாலு வருடமாகிறது. அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்றை இப்போது உனக்குச் சொல்கிறேன். குழுவுக்கு எழுதியதும் இதைத்தான்.

எங்கள் வேர்க்‌ஷொப்பில் ஒரு ஒழுங்கு இருந்தது. சாம்பிள் இல்லாமல் வேலை எடுப்பதில்லை. உடைந்த துண்டைக் கொண்டு வந்தால் அதைப் பார்த்துப் புதிதாக ஒன்று செய்து கொடுப்போம், பழையதைச் சுவரில் ஒரு ஆணியில் கொழுவிவிடுவோம். அந்தச் சுவரைப் பார்த்துத்தான் நீ எண்ணப் பழகினாய். அதை அழகுக்குக் கொழுவவில்லை. அந்தக் காலத்தில் கொழும்பில் ஒரு தமிழன் லேத் வைத்திருந்தால் எந்த நேரமும் ஜீப் வந்து நிற்கும். இது என்ன, இது எதற்கு, ஏன் இந்த அளவு என்று ஒவ்வொரு துண்டையும் எடுத்துக் கேட்பார்கள். அப்போது சுவரைக் காட்டி, இது இன்ன லொறியின் புஷ், இது இன்ன பம்பின் தண்டு, இதோ பழையது என்று பதில் சொல்ல வேண்டும். அப்பாவுக்குச் சிங்களம் சரியாக வராது. முன் மேசையில் இருந்து வேலை எடுப்பதும், ஆட்களோடு கதைப்பதும், ஜீப் வந்தால் பதில் சொல்வதும் நான்தான். அந்த ஒழுங்கைப் போட்டதும் நானேதான்.

உனக்கு நாலு வயதாக இருக்கும்போது ஒரு சுற்றிவளைப்பில் அப்பாவைக் கொண்டுபோனார்கள். அடையாள அட்டை இருந்தது, பொலிஸ் பதிவு இருந்தது, கிராம சேவகரின் கடிதமும் இருந்தது. கொண்டுபோனார்கள். நீ என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு பொலிஸ் வாசலில் இரண்டு நாள் நின்றாய், உனக்கு ஞாபகம் இருக்காது. நான் கதைத்த சிங்களத்தை ஒருவரும் காதில் வாங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் சுனில் வந்தான். ஒருகொடவத்தையில் கொள்கலன் லொறி ஓடுகிற டிரைவர், இரத்தினபுரிப் பக்கத்து ஆள், எங்களிடம் லொறிச் சாமான் செய்விக்கிற பழைய வாடிக்கை. யாரிடமோ கேள்விப்பட்டு, லொறியை வீதியில் அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனான். இந்த மனிதன் என் லொறிக்கு வேலை செய்கிறவர், என்னோடு கூட்டிக்கொண்டு போகிறேன், ஏதும் நடந்தால் என்னைப் பிடியுங்கள் என்று சொல்லிக் கையெழுத்து வைத்தான். மத்தியானம் அப்பா வீட்டில் இருந்தார். சுனிலின் காலில் விழாத குறையாக நான் நின்றேன். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு, "ஐயோ அக்கே, அப்படிச் செய்யாதே" என்று ஓடிவிட்டான்.

இரண்டு மாதம் கழித்து சுனில் திரும்ப வந்தான். கையில் சாம்பிள் இல்லை. ஒரு சவர்க்காரப் பெட்டியின் மட்டையில் பென்சிலால் ஒரு குழாய் கீறி, நீளமும் அகலமும் எழுதியிருந்தது. வழக்கமாக வந்தால் சத்தம் போட்டுச் சிரிக்கிற ஆள், அன்றைக்கு மேசையைப் பார்த்துக்கொண்டு கதைத்தான். "ஊரில் ஒரு சின்ன வேலைக்கு, அக்கே." அவன் சிங்களத்தில் சொன்னதை உனக்குத் தமிழில் எழுதுகிறேன், ஆனால் அந்தக் குரலை எழுத எனக்குத் தெரியவில்லை. என்ன வேலை என்று நான் கேட்டிருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும், பழையதைக் கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருப்பேன். நான் மட்டையை வாங்கி மேசையில் வைத்தேன்.

அப்பா மட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இஞ்சை பாரும். இது லொறிக்கு இல்லை."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ எடுத்தனீர்?"

"உங்களை உள்ளுக்கையிருந்து கூட்டிக்கொண்டு வந்த மனிசன். செய்து குடுங்கோ."

அப்பா அன்று முழுக்க அந்த வேலையைத் தொடவில்லை. அடுத்த நாளும் தொடவில்லை. நான்தான் மூன்றாம் நாள் அந்த மட்டையைக் கொண்டுபோய் லேத்தில் அவர் கண்ணுக்கு நேரே செருகிவிட்டு வந்தேன். அவர் செய்தார். அவர் கை செய்தது, ஆனால் செய்வித்தவள் நான். இதைத் தெளிவாக விளங்கிக்கொள். அப்பாவுக்கு விருப்பமில்லை. நன்றிக்கடன் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. மிச்சப் பாதி பயம். இன்னொரு சுற்றிவளைப்பு வந்தால் யாரிடம் ஓடுவது என்ற பயத்தில் அந்தக் குழாயைச் செய்வித்தேன்.

எட்டு மாதம் சுனில் வரவில்லை. பிறகு ஒரு நாள் வந்தான், இந்தத் தடவை சாம்பிளோடு. ஆஸ்பத்திரியில் கொடுக்கிற ஊன்றுகோல் ஒன்று, கீழ்ப்பகுதி தேய்ந்து வளைந்திருந்தது. யாருக்கு என்று அன்றைக்குத்தான் கேட்டேன். அவனுடைய தங்கச்சியின் மகள், பதினாலு வயது. றப்பர் தோட்டத்தின் கரையில் விறகு பொறுக்கப் போன இடத்தில் கம்பியில் கால் தட்டியிருக்கிறது. மரவள்ளிக்கு வருகிற காட்டுப் பன்றிக்கு சுனில் வைத்த கட்டுத்துவக்கு. உனக்கு இந்தச் சொல் தெரியாமல் இருக்கலாம். மரத்தில் கட்டி, பாதைக்குக் குறுக்கே ஒரு கம்பி இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதன்பிறகு சுடுவதற்கு ஆள் தேவையில்லை, வருகிறது எதுவென்றும் அதற்குத் தெரியாது. பிள்ளைக்கு ஒரு கால் முழங்காலோடு போய்விட்டது. சுனில் முன் மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதான். நான் அவனுக்குப் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தேன். அதைவிட வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அப்பா ஊன்றுகோலை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

வளருகிற பிள்ளை அல்லவா. அடுத்த வருடம் ஊன்றுகோல் கட்டையாகிவிட்டது. சுனில் திரும்பக் கொண்டு வந்தான், அப்பா கீழே ஒரு துண்டுக் குழாய் சேர்த்து ஒரு அங்குலம் நீட்டிக் கொடுத்தார். அதற்கு அடுத்த இரண்டு வருடமும் கொண்டு வந்தான். மூன்று தரம் நீட்டினோம். நாலாவது வருடம் அவன் வரவில்லை, பிள்ளை வளர்ந்து முடிந்திருக்கும். அந்தப் பிள்ளையை நான் ஒரு நாளும் கண்டதில்லை. அவளுடைய உயரம் மட்டும் எனக்குத் தெரியும்.

ஊர்ப் பொலிஸ் வந்து, யார் வைத்த துவக்கு என்று தெரியவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்களாம். வைத்தவன் மாமன், சொன்னால் குடும்பம் உடையும், தாய் வாய் திறக்கவில்லை. குழாய் எங்கே செய்தது என்று ஒருவரும் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாது என்று சொல்லியிருப்பேன், அதுவும் அருமையான சிங்களத்தில்.

இப்போது உன் வாட்ஸ்அப்புக்கு வருகிறேன். சட்டம் பிரயோசனமில்லை என்கிறாய். வீட்டுக்குள் ஒருவன் ஒரு பிரின்டரும் துவக்கின் அளவெல்லாம் கீறின ஒரு ஃபைலும் வைத்திருந்தால் எந்த அரசாங்கமும் தடுக்க ஏலாது, கெட்டவன் சட்டத்தைக் கேட்டுவிட்டா செய்கிறான், அப்படியிருக்கச் சட்டம் போட்டு யாரை மடக்கப் போகிறீர்கள் என்று கேட்கிறாய். கெட்டவனைப் பற்றி நீ சொல்வது சரி. பிரின்டர் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே இந்த நாட்டில் வீட்டுக் கொல்லையில் துவக்குச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். தெற்கில் கல்கட்டஸ் என்பார்கள், வன்னியில் இடியன் என்பார்கள், எல்லாம் குழாயும் மரமும்தான். அதைத் தடுக்க அப்போதும் முடியவில்லை.

ஆனால் மகன், நான் கெட்டவள் இல்லையே. அப்பா கெட்டவர் இல்லை. சுனில் எங்களைவிட நல்லவன். துவக்கு ஒன்று உருவாக எத்தனை நல்ல ஆட்கள் வேண்டும் என்று நீ யோசித்தே பார்க்கவில்லை. செய்விக்கிறவனுக்குத் தெரிந்த ஆள், அந்த ஆளுக்குத் தெரிந்த லேத்காரன், முன் மேசையில் இருக்கிற அவனுடைய மனுசி, இப்போது கூடவே ஒரு பிரின்டர்காரன். இந்த வரிசையில் யாராவது ஒருவர் முடியாது என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு இரண்டு காலும் இருந்திருக்கும். எனக்கு அன்று சொல்ல ஆசை இருந்தது, வாய் வரவில்லை. நான் முன் மேசையில் இருந்து தேடியது ஒரே ஒரு சாட்டு. "தம்பி, எனக்கு விருப்பம்தான், ஆனால் யாருக்கு, எதற்கு என்று புத்தகத்தில் எழுதாமல் குழாய் செய்தால் எங்களை உள்ளே போடுவார்கள், கட்டாயம் எழுத வேண்டும்" என்று சொல்ல ஒரு சட்டம் இருந்திருந்தால் நான் அதன் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பேன். நன்றிக்கடனும் கெட்டிருக்காது, சுனிலும் கோபித்திருக்க மாட்டான். பயந்தவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டும், மகன். உன்னைப்போலத் தைரியமான ஆட்களுக்குச் சட்டம் தேவையில்லாமல் இருக்கலாம். நாட்டில் என்னைப்போலப் பயந்தவர்கள்தான் கூட.

லைசென்ஸ் இல்லாமல் துவக்குச் செய்வது இப்போதே குற்றம்தான் என்று புதுக்கடைக் கோர்ட்டடியில் நான் விசாரித்த சட்டத்தரணி சொன்னார், பிளாஸ்டிக்கோ இரும்போ என்று வித்தியாசம் இல்லையாம். ஆனால் ஃபைலைப் பற்றியும் துண்டு துண்டாகச் செய்து கொடுப்பதைப் பற்றியும் கேட்டபோது அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். நான் குழுவிடம் கேட்டிருப்பது இதைத்தான். லேத்தோ பிரின்டரோ, வெளியாளுக்கு வேலை செய்கிறவன் யாருக்கு என்ன செய்தான் என்று எழுதி வைக்க வேண்டும். துவக்கின் ஃபைலை வைத்திருக்கிறவனும் அனுப்புகிறவனும் பதில் சொல்ல வேண்டும். ஓம், அதனால் உன் மிக்ஸிக் குமிழுக்கும் நீ பெயர் எழுதத்தான் வேண்டிவரும். எழுது. கை தேய்ந்து போகாது.

நீ எழுதியதில் ஒரு இடத்தில் மட்டும் நான் போனைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். துவக்கு முழுக்க அரசாங்கத்தின் கையில் இருக்கும்போது எங்களுக்கு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாதா, தமிழராக இருந்துகொண்டு அந்தச் சட்டத்துக்கு நீங்கள் வக்காலத்து வாங்குகிறீர்களா என்று கேட்டிருந்தாய். தெரியும் மகன். உன்னைவிட எனக்குத் தெரியும், வாசலில் நின்றது நான். அதையும் எழுதியிருக்கிறேன். அதே குழாயைச் சுனில் வைத்திருந்தால் பன்றிக்கு, அப்பாவின் கையில் பிடித்திருந்தால் பயங்கரவாதம், ஒரு வருடமோ பத்து வருடமோ வழக்கே இல்லாமல் இருந்திருப்பார் என்று அதே வார்த்தையில் எழுதினேன். புதுச் சட்டம் எல்லார் மேசைக்கும் ஒரே மாதிரி வர வேண்டும், பிரின்டர் வைத்திருக்கிற தமிழ்ப் பொடியனைப் பிடித்து உள்ளே போடுவதற்கு ஒரு சாட்டாக வரக்கூடாது என்றும் எழுதினேன். அங்கே இருக்கிறவர்களுக்குப் பிடிக்காது. பிடிக்கத் தேவையில்லை. ஆனால் அரசாங்கம் செய்த அநியாயத்துக்குப் பதில் வீட்டுக்கு வீடு துவக்கு என்று நீ சொன்னால், நானும் இந்த ஊரில்தான் இருக்கிறேன். இப்போது கொட்டாஞ்சேனையில் கடை வாசலில் சுட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். விழுகிறவன் தமிழனா சிங்களவனா என்று பார்த்தா குண்டு வருகிறது?

உன்னில் மட்டும் பிழை சொல்ல நான் வரவில்லை. உனக்குப் பதினொரு வயதில், வேர்க்‌ஷொப்பில் மிஞ்சின துண்டுகளைப் பொருத்தித் தீபாவளிக்குச் சீனவெடி எறிகிற ஒரு சாமான் செய்தாய். அது எதிர்வீட்டுப் பூச்சட்டியை உடைத்தது. சட்டிக்குப் பக்கத்தில் அந்த வீட்டுக் கைக்குழந்தை பாயில் கிடந்தது, ஒரு முழம் தள்ளி. நான் எதிர்வீட்டில் போய்ப் பல்லைக் காட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து உனக்குக் கேசரி கிண்டித் தந்தேன். வருகிறவர்களிடமெல்லாம் என் பிள்ளையின் மூளையைப் பாருங்கள் என்று சொன்னேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சாமானை எடுத்துப்போய்த் துண்டு துண்டாக அறுத்தார். நான் அவரோடு அதற்குச் சண்டை பிடித்தேன். அவர் ஏன் அறுத்தார் என்று உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும், நானே சண்டை பிடித்தேன். எதையும் செய்துபார்க்கலாம், யார் படுவார்கள் என்று யோசிக்கத் தேவையில்லை என்று உனக்குக் கேசரியோடு ஊட்டினவள் நான். மூன்று கிழமைக்கு முன் நீ சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு சிரித்தபோது, அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கியது. கோபம் உன்மேல் மட்டும் வந்ததில்லை.

பெயர் ஏன் போட வேண்டும், பெயரில்லாமல் எழுதினாலும் கருத்துக் கருத்துதானே என்கிறாய். பெயரில்லாமல் ஒரு குழாய் போய் என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். வயது போன தமிழ்ப் பொம்பிளை ஒருத்தி, துவக்குக் குழாய் செய்வித்தேன் என்று எழுத்தில் கொடுத்தால் நாளைக்கு வீட்டு வாசலில் யார் வந்து நிற்பார்கள் என்று கேட்கிறாய். வரட்டும். பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்து எல்லாவற்றையும் சொல்வேன். கொண்டுபோனால் போகிறேன், எனக்கு அறுபத்தெட்டு வயது, பிரஷர் குளிசையை மட்டும் எடுத்துவைத்துவிட்டேன். பயந்து பயந்து நல்ல பெயரோடு இருந்தது போதும். அந்த நல்ல பெயரை வைத்துக்கொண்டு உன்னை ஒரு வார்த்தை கண்டிக்க எனக்கு வாய் வருகுதில்லை, அதுதான் எனக்குக் கொதிக்கிறது.

கலியாணம் குழம்பும் என்று பயப்படுகிறாய். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். வருகிற வெள்ளி தாலிக்குப் பொன்னுருக்கு. தர்ஷினியைப்போல ஒரு பிள்ளை எனக்கு மருமகளாக வர வேண்டும் என்று நான் எத்தனை வெள்ளிக்கிழமை கோயிலைச் சுற்றினேன் என்று உனக்குத் தெரியாது. அதனால்தான் ஒளித்துவைத்துக் கலியாணம் செய்யக்கூடாது என்று முடிவெடுத்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை, நான் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனது கோயிலுக்கு இல்லை. பஸ் எடுத்துக் கொட்டாஞ்சேனைக்கு, தர்ஷினி வீட்டுக்குப் போனேன். அவளுடைய தாய் தகப்பனை இருத்தி, அவளையும் கூப்பிட்டு, குழாயிலிருந்து உலக்கை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன்.

தகப்பன் எழும்பி அறைக்குள் போய்விட்டார். சம்மந்தி அம்மா கையைப் பிசைந்துகொண்டு, "இதை நீங்கள் கலியாணம் முடிஞ்சாப் பிறகு சொல்லியிருக்கலாமே" என்றார். நீ சொன்ன அதே வசனம். பலகாரத் தட்டு மேசையில் அப்படியே இருந்தது, ஒருவரும் தொடவில்லை. நான் எழும்பிவிட்டேன்.

தர்ஷினி பஸ் நிறுத்தம் வரைக்கும் என்னோடு வந்தாள். கலியாணத்தைப் பற்றிக் கேட்பாள், செவ்வாய்க்கிழமை போக வேண்டாம் என்று கெஞ்சுவாள் என்று நினைத்துப் பதிலெல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தேன். மட்டக்குளி பஸ் ஒன்று போகும்வரை நின்றுவிட்டுக் கேட்டாள்.

"மாமி, அந்த ஃபைல் இன்னும் அவரிட்டை இருக்கோ?"

"தெரியாது பிள்ளை."

"ஆருக்காவது அனுப்பினவரோ?"

அதற்கும் தெரியாது என்றுதான் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். "நீங்கள் செவ்வாய்க்கிழமை போங்கோ மாமி. நாளைக்குப் பின்னேரம் நான் வீட்டை வாறன். அவர் சொல்லுறதைக் கேட்டிட்டுத்தான் வெள்ளிக்கிழமையைப் பற்றி யோசிப்பன்."

நாளைக்கு என்று அவள் சொன்னது இன்று. ஐந்தரைக்கு வருவாள். நான் ஐந்து மணிக்கே வெளியே போய்விடுவேன், உண்மையாகவே கோயிலுக்கு. பால் பிரிட்ஜில் இருக்கிறது, தேத்தண்ணீர் போட்டுக் கொடு. அவள் அந்த இரண்டு கேள்வியையும் உன்னிடம் கேட்பாள். நான் தெரியாது என்று சொன்னேன், எனக்கு உண்மையாகத் தெரியாது. உனக்குத் தெரியும்.

உன் அம்மா